புதுப் படகு வேணாம் மாமா

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. ஆபீஸ்ல ஆணி எல்லாம் பிடுங்கி முடிச்சு பொட்டியை மூடும்போது பழவேற்காட்டில் இருந்து மாமா போன்.

"மாப்ள, படகு மாத்தலாம்னு இருக்கேன். நீ ஒருக்கா வந்து பாரேன். இன்ஜினீருக்குப் படிச்சவன் ஆச்சே."

நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். அதுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்னு எங்க வீட்ல கேக்க முடியாது. மிக்ஸி ரிப்பேர்ல ஆரம்பிச்சு கிணத்து மோட்டார் வரைக்கும் நான்தான் இன்ஜினீயர். சரின்னு சனிக்கிழமை காலைல பொன்னேரி போய், அங்கேர்ந்து பஸ் பிடிச்சுப் போய்ச் சேர்ந்தேன்.

போனப்புறம்தான் உள்குத்து புரிஞ்சது. மாமாவுக்கு என் அபிப்ராயம் மட்டும் வேணாம், கொஞ்சம் துட்டும் வேணும். அதுல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லை. என்னோட ரெண்டாம் வருஷ காலேஜ் ஃபீஸ் அவர் வலையில விழுந்த இறால்லேர்ந்து வந்தது. ஆனா நான் குடுக்கப் போற துட்டு அவரைக் கரையேத்துமா, கடன்ல முக்குமாங்கிறதுதான் கேள்வி. ஒரு மாசமா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கு. அதான் இங்க எழுதறேன்.

மாமாகிட்ட இப்போ இருக்கறது ஏரிக்குள்ள ஓட்டற 18 அடி சின்னப் படகு. ஒரு பாய், ஒரு கழி, ரெண்டு துடுப்பு. அவ்ளோதான். ஏரியில இறால் குறைஞ்சுபோச்சு, முகத்துவாரம் தாண்டி கடலுக்கும் போகணும்ங்கிறார். நியாயம்தான். அவர் முன்னாடி ரெண்டு வழி இருக்கு.

ஒண்ணு, 32 அடி புத்தம்புது ஃபைபர் படகு, புது இன்ஜினோட. பாதிக்கு மேல மீன் வியாபாரி ஒருத்தர் முன்பணமா தர்றேங்கிறார்.

ரெண்டு, பக்கத்துக் குப்பத்துல ஒரு பெரியவர் விக்கிற 26 அடி பழைய ஃபைபர் படகு. பதினஞ்சு வருஷம் ஓடினது. பாய்மரம், பருமல், பாய் எல்லாம் சேர்த்தே தர்றார். விலை புதுசுல மூணுல ஒரு பங்குகூட இல்லை.

குப்பத்துல எல்லாரும் சொல்றது முதல் வழி. "வாங்கறதுதான் வாங்கறே, பெருசா, புதுசா வாங்கு." என் கட்சி ரெண்டாவது. பழசு, நடுத்தரம், பாயோட. ஏன்னு சொல்றேன்.

முதல்ல அளவு.

பழவேற்காடு ஏரி நாட்டிலேயே ரெண்டாவது பெரிய உவர்நீர் ஏரி, ஒடிசாவோட சிலிகாவுக்கு அடுத்து. பெரும்பகுதி ஆந்திராவில், கொஞ்சம் நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில். பேருக்குத்தான் பெருசு, பல இடத்துல இடுப்பளவு தண்ணிதான். ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கிற முகத்துவாரத்துல மணல் வந்து அடைச்சுக்கும். அதை நிரந்தரமா திறந்து வைக்கணும்னு மீனவங்க பல வருஷமா கேட்டுக்கிட்டே இருக்காங்க. இந்தத் தண்ணிதான் படகோட அளவை முடிவு பண்ணணும். பக்கத்து வீட்டுக்காரன் வச்சிருக்கற படகு இல்லை.

இது இன்னிக்கு நேத்து விஷயம் இல்லை. 1613-ல் டச்சுக்காரங்க இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினப்பவே பெரிய கப்பல் எதுவும் ஏரிக்குள்ள வர முடியலை. வெளியே கடல்ல நங்கூரம் போட்டு நிக்கும். சரக்கை ஏத்தி இறக்கினது நம்மாளுங்களோட சின்னப் படகுங்கதான். பெரிய கம்பெனிக்காரனுக்கே அந்த நிலைமை!

கொஞ்சம் கணக்கு. (பயப்படாதீங்க, சின்னக் கணக்குதான்.) ஒரே மாதிரி வடிவத்துல நீளத்தைக் கூட்டினா கொள்ளளவு நீளத்தோட கனத்துக்கு ஏத்த மாதிரி கூடும். 18 அடியை 26 ஆக்கினா படகு சுமாரா மூணு மடங்கு பெருசு. 32 ஆக்கினா அஞ்சரை மடங்கு. எடையும் கிட்டத்தட்ட அந்த ரீதியிலதான் ஏறும். இதைக் கரையேத்தணும், மணல்ல தட்டினா எறங்கித் தள்ளணும். மாமாவுக்கு 54 வயசு. பையன் ஸ்ரீபெரும்புதூர்ல கம்பெனி வேலைக்குப் போறான், ஞாயித்துக்கிழமை மட்டும் வருவான். 32 அடிக்கு அன்னாடம் கூலிக்கு ஆள் வேணும். 26 அடியை மாமாவும் மச்சானும் இன்னும் ஒருத்தரும் சேர்ந்தா சமாளிச்சுடலாம்.

பதிலுக்கு வேகம் எவ்வளவு கூடும்? பாயில் போற படகோட உச்ச வேகம் தண்ணியில படற நீளத்தோட வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 16 அடின்னா சுமார் 5.4 நாட். 25 அடின்னா 6.7 நாட். அதுக்கு மேல நீளத்தைக் கூட்டக் கூட்ட லாபம் குறைஞ்சுக்கிட்டே போகும், செலவு மட்டும் ஏறிக்கிட்டே போகும். நடுத்தரம்னு நான் சொல்றது இந்தக் கணக்கை வச்சுதான்.

"பெருசு வாங்கினா டூரிஸ்ட் ஏத்தலாமே"ன்னு ஒருத்தர் நடுவுல எடுத்துக் குடுத்தார். எனக்குச் சுருக்குன்னு இருந்தது. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்னிக்கு இதே பழவேற்காட்டில் அளவுக்கு மேல ஆள் ஏத்தின படகு கவுந்து 22 பேர் செத்துப்போனாங்க. அதுக்கப்புறம் படகு சவாரிக்கே தடை வந்தது. பெரிய படகுன்னா எவ்வளவு வேணா ஏத்தலாங்கிற நெனப்பே ஆபத்து. அந்த யோசனையை மாமாவே உடனே வெட்டிட்டார்.

ரெண்டாவது, கடன்.

வியாபாரி குடுக்கற முன்பணத்துக்கு வட்டி கம்மின்னு சொல்லுவாங்க. சில பேர் வட்டியே இல்லைம்பாங்க. ஆனா புடிக்கற மீனை அவர்கிட்டதான் போடணும், அவர் சொல்ற விலைக்குத்தான் போடணும். அதுதான் வட்டி. கடன் அடையற வரைக்கும் படகு உங்க பேர்ல, மீன் அவர் பேர்ல!

கடலுக்குப் போகாத நாளை எண்ணிப் பாருங்க. புயல் எச்சரிக்கை வந்தா போகக் கூடாது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடற அன்னிக்குப் போகக் கூடாது. முகத்துவாரம் தூர்ந்தா போக முடியாது. ஊர்ல சாவு, திருவிழான்னா யாரும் போக மாட்டாங்க. கடன் மட்டும் எந்த நாளும் லீவு போடாது. பழைய படகுன்னா நான் குடுக்கறதும் அத்தை சேத்து வச்சதும் போதும். முதல் நாளே மீனை யார்கிட்ட வேணா விக்கலாம். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

மூணாவது விஷயத்தை யாரும் பேசறதில்லை. எத்தனை படகு?

2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் நல்ல மனசோட நிறைய பேர் படகு குடுத்தாங்க. கட்டுமரம் போனவங்களுக்கு ஃபைபர் படகு வந்தது. தமிழ்நாட்டுக் கரையில பல ஊர்ல அழிஞ்சதைவிட வந்தது அதிகம். அவசரத்துல கட்டினதால தரமும் ஒரே மாதிரி இல்லை. படகு கூடிச்சு, மீன் கூடலை. ஏரிக்குள்ள எங்க ஆளுங்க யார் எந்த இடத்துல, எந்த நாள் வலை கட்டலாம்னு முறை வச்சு பாடு பிரிச்சுக்கறாங்க. இருக்கறதைப் பங்கு போட்டுத் திங்கற பழக்கம் அது. ஒவ்வொரு புதுப் படகும் அந்தப் பங்குல இன்னொரு வாய். பழைய படகு கை மாறினா அந்தக் கணக்கு அப்படியே இருக்கும்.

இன்னொண்ணு. கட்டுமரம் கெட்டுப்போனா அடுப்புக்கு ஆவும். ஃபைபர் எதுக்கும் ஆவாது. மக்காது, எரிச்சா நச்சுப்புகை. ஓடற படகை இன்னும் பத்து வருஷம் ஓட்டறது கரையில ஒரு குப்பையைக் குறைக்கற வேலைதான்.

நாலாவது, பாய்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். நான் பத்தாவது படிக்கறப்ப மாமா இன்னொருத்தர் படகுல கூலிக்குக் கடலுக்குப் போனார். இன்ஜின் இருக்கே, பாய் எதுக்கு அடைசல்னு படகுக்காரர் அதைக் கரையிலேயே போட்டுட்டார். மத்தியானம் இன்ஜின் நின்னுபோச்சு. காத்து நல்லா வீசுது, புடிக்கறதுக்குத் துணி இல்லை. நீரோட்டம் படகை வடக்கே இழுத்துக்கிட்டே போச்சு. மறுநாள் காலைல வேற ஒரு குப்பத்துப் படகு பாத்து, கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வந்தது. அந்த ராத்திரி முழுக்க அத்தை கரையிலேயே உக்காந்திருந்தாங்க. எங்கம்மா பக்கத்துல. நான் ரெண்டு பேருக்கும் டீ வாங்கிக் குடுத்ததைத் தவிர ஒண்ணும் செய்யலை.

அதனால பாய்னா எனக்கு அழகுக்கு இல்லை. அது ரெண்டாவது இன்ஜின். டீசல் கேக்காது, மெக்கானிக் கேக்காது. விடியறதுக்கு முன்னாடி கரைக்காத்து கடல் பக்கம் தள்ளும். உச்சிப்பொழுது வாக்குல கடல்காத்து திரும்ப வீட்டுப் பக்கம் தள்ளும். நம்ம கரையில பல மாசம் இந்தப் போக்குவரத்து இலவசம். ஏரிக்குள்ள வேற, வலை கட்டின கழிங்களுக்கு நடுவுல இன்ஜின் போட்டா புரொப்பெல்லர்ல வலை சுத்திக்கும். அங்கே பாயும் கழியும்தான் மரியாதை. 32 அடிக்காரர்கிட்ட பாய் போட எடம் விடுவீங்களான்னு கேட்டேன். ஒரு மாதிரியா பாத்தார்.

சரி, பழசுன்னா கண்ண மூடிக்கிட்டு வாங்கலாமா? கூடவே கூடாது. இந்த 26 அடிக்கு முன்னாடி ஒரு படகு பாத்தோம். பளபளன்னு புது பெயிண்ட். நாணயத்தால தட்டினேன். நல்ல ஃபைபர் 'டங்'குனு கெட்டியா பேசும். இது பாதி எடத்துல 'பொத்'துன்னுது. உள்ளே அடுக்கு அடுக்கா பிரிஞ்சிருந்தது. பெயிண்டு எல்லாத்தையும் மூடிடும், சத்தத்தை மூட முடியாது. அப்போ நான் கத்துக்கிட்டதை வரிசையா சொல்றேன், யாருக்காவது உதவும்.

அடிப்பகுதி: மணல்ல இழுத்து இழுத்து தேஞ்சு, கண்ணாடி நார் வெளியே தெரிஞ்சா தண்ணி அதுவழியா உள்ளே ஊறும். படகு வருஷா வருஷம் கனமாகும். கொப்புளம் கொப்புளமா இருந்தாலும் அதே கதை.

பின்பலகை: இன்ஜின் மாட்டற எடம். வெளியே ஃபைபர், உள்ளே பெரும்பாலும் மரப்பலகை. போல்ட் ஓட்டை வழியா தண்ணி எறங்கி மரம் உளுத்துப்போகும். இன்ஜினைப் புடிச்சு மேலயும் கீழயும் ஆட்டுங்க. பலகை சேர்ந்து ஆடினா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க, இல்லாட்டி அதைப் புதுசா போடற செலவை விலையில கழிங்க.

மிதவை அறை: முன்னாடியும் பின்னாடியும் மூடி வச்ச பெட்டிக்குள்ள தெர்மாகோல் இருக்கும். படகுல தண்ணி நிறைஞ்சாலும் முழுகாம இருக்கறதுக்கு. பெட்ரோல் பட்டா தெர்மாகோல் கரைஞ்சுடும். பழைய படகுல பெட்டியைத் திறந்தா ஒண்ணுமே இல்லாம இருக்கலாம். திறந்து பாக்காம வாங்காதீங்க. உயிர் விஷயம்.

இன்ஜின்: நாம போறதுக்கு முன்னாடியே சூடு பண்ணி வச்சிருந்தா சந்தேகப்படுங்க. ஆறின இன்ஜின் எத்தனை இழுப்புல எடுக்குதுன்னு பாக்கணும். குளிர்விக்கற தண்ணி பக்கவாட்டுல சீராப் பீச்சணும். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா உள்ளே தண்ணி பூந்திருக்கு.

காகிதம்: தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ல் வந்தது. படகுக்குப் பதிவு இருக்கணும், விக்கறவர் பேர்லயே இருக்கணும், நம்ம பேருக்கு மாத்தணும். பதிவு இல்லாத படகுக்கு மானிய எரிபொருளும் கிடைக்காது, ஒண்ணு ஆனா நிவாரணமும் கிடைக்காது.

நான் இப்படி லிஸ்ட் போட்டுத் தட்டிக்கிட்டு இருந்தப்ப மாமா படகைப் பாக்கவே இல்லை. பெரியவரோட கயிறையும் வலையையும் பாத்துக்கிட்டு இருந்தார். திரும்பி வரும்போது சொன்னார்: "கயித்தை சுத்தி வச்சிருக்கறதைப் பாத்தியா மாப்ள? இப்புடி கயிறு சுத்தறவன் படகை கெடுத்திருக்க மாட்டான்." என்னோட அஞ்சு பாயிண்டும் ஒரு வரியில போச்சு.

பழைய படகுன்னா இளக்காரமா பாக்கறவங்களுக்கு ஒரு சேதி. நம்ம கடற்படையில இருந்த அபிலாஷ் டாமி 2018-ல் கோல்டன் குளோப் பந்தயத்துக்கு, தனியா நிக்காம உலகத்தைச் சுத்த, கோவாவில் புதுசா கட்டின 'துரியா'ங்கிற மரப்படகுல போனார். அது 1969-ல் முதன்முதலா அப்படிச் சுத்தி வந்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனோட 'சுஹாலி'யைப் பாத்துக் கட்டினது. அந்த சுஹாலி நம்ம பம்பாய்ல கட்டின 32 அடிப் படகு! 2018 செப்டம்பர்ல தென் இந்தியப் பெருங்கடல் புயல்ல துரியாவோட பாய்மரம் முறிஞ்சு, அவருக்கு முதுகெலும்புல அடி. அடுத்த பந்தயத்துக்கு அவர் எடுத்தது ரஸ்ட்லர் 36. 36 அடி ஃபைபர், பழைய டிசைன். அந்தப் பந்தயத்தோட விதியே அதுதான்: 1988-க்கு முன்னாடி வடிவமைச்ச, 32-லேர்ந்து 36 அடி வரைக்கும் உள்ள படகு. 2023 ஏப்ரல் 29-ல் ரெண்டாவதா கரை சேந்தார். துரியா மோசம்னு சொல்ல வரலை. அந்தப் புயல் எந்தப் படகையும் புரட்டியிருக்கும். ஆனா உலகத்தையே சுத்தறதுக்கு நடுத்தர அளவும் பழைய வடிவமும் போதும்னா, முகத்துவாரம் தாண்டி வலை போட்டுட்டு வீடு திரும்பறதுக்குப் போதாதா?

என் கட்சியில ஓட்டை இல்லாம இல்லை. பழைய படகுக்கு ரிப்பேர் வந்துக்கிட்டே இருக்கும். இன்ஜின் எந்த நாளும் காலை வாரலாம். பாய் புடிக்கத் தெரிஞ்சவங்க குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. மாமாவுக்குத் தெரியும், மச்சானுக்குத் தெரியாது, எனக்குச் சுத்தமா தெரியாது. வீட்ல மூணு வாலிபப் பசங்க கடலுக்குப் போறாங்க, கையில சொந்தப் பணம் இருக்குன்னா 32 அடி புதுசு சரியாவே இருக்கலாம். எங்க மாமா கதை அது இல்லை. 54 வயசுல அஞ்சு வருஷக் கடனை அவர் தலையில ஏத்த எனக்கு மனசு வரலை.

அத்தைகிட்ட கேட்டேன், நீங்க என்ன சொல்றீங்கன்னு. இறாலை உரிச்சுக்கிட்டே சொன்னாங்க: "பாய் இருக்கற படகு எதுவோ அதை வாங்கச் சொல்லு." தலையே நிமிரலை.

போன ஞாயித்துக்கிழமை பெரியவருக்கு முன்பணம் குடுத்தாச்சு. மழைக்காலத்துக்கு முன்னாடி பின்பலகையை மாத்தி, மிதவைப் பெட்டியில புதுசா ஃபோம் அடைக்கணும். அது என் செலவு. மச்சான் லீவு போட்டுட்டு வந்து பாய் கட்டக் கத்துக்கறேன்னான். வந்தா பாக்கலாம். நானும் போறதா இருக்கேன்.

டிஸ்கி: படகைத் தட்டிப் பாத்த ரெண்டு ரூபா நாணயத்தை ஏரியில தவற விட்டுட்டேன். "அதான் மாப்ள உன் பங்கு, போட்டாச்சு"ன்னு மாமா சிரிக்கறார். மீதிப் பங்குக்கு அடுத்த மாச சம்பளம் வரணும் :-)